293318625600: ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

293318625600 என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு, கணிதத்தில் அது எந்தெந்த வகைகளில் சேரும், ராமானுஜன் தவறவிட்ட எண் என்று சொல்கிறார்களே அது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உண்மைதான். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்து 1914-இல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். உயர் பகு எண்கள் என்ற ஒரு வகையைப் பற்றியது அது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று அதற்கு ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே ஆறு வகுத்திகள் உள்ள எண் எதுவும் இல்லை. ஆகவே 12 ஓர் உயர் பகு எண். 18-க்கும் ஆறு வகுத்திகள் உண்டு, ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18-க்கு அந்தத் தகுதி கிடையாது. இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் அளித்தது.

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரை 102 உயர் பகு எண்களின் பட்டியல் இருக்கிறது. அந்த எல்லைக்குள் அவர் பட்டியலில் இல்லாத உயர் பகு எண் ஒன்றே ஒன்று. அது உங்கள் எண். இதை ராமானுஜன் செய்த கணிதப் பிழை என்று பரபரப்பாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டுரையின் தேற்றங்கள் எதுவும் இந்தப் பட்டியலின்மேல் நிற்கவில்லை. கையால் கணக்கிட்ட ஓர் அட்டவணையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் விட்டுப்போன வரி எது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. அதற்கு எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள்: 293, 318, 625, 600. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 293 + 625 = 918. 318 + 600 = 918. இரண்டும் சமம். இப்படிச் சமமாக வந்தால் அந்த எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. எனவே ஒரே அடியில் மூன்று பகா எண்கள் கையில் வந்துவிட்டன. வகுத்தால் கிடைப்பது 293025600. அதை 323-ஆல், அதாவது 17 × 19-ஆல் வகுத்தால் 907200. இது 1 முதல் 10 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வரும் 3628800-இல் சரியாகக் கால் பங்கு. மிச்சத்தையும் பிரித்து ஒழுங்குபடுத்தினால்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இந்த எண்ணைப் பற்றி நாம் கேட்கும் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. அடுக்குகளை மட்டும் எழுதினால் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒரு வகுத்தியை உருவாக்க 2-இன் அடுக்கை 0 முதல் 6 வரை ஏழு விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், 3-இன் அடுக்கை ஐந்து விதமாக, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று விதமாக, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு விதமாக. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஆக மொத்தம் 5040 வகுத்திகள். அவற்றில் 720 ஒற்றை எண்கள், 48 முழு வர்க்கங்கள். 5040-மே ஓர் உயர் பகு எண், அதற்கு 60 வகுத்திகள், 60-உம் உயர் பகு எண், அதற்கு 12, பிறகு 6, பிறகு 4 என்று இறங்கிக்கொண்டே போகலாம்.

அடுக்குகள் இறங்குவரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றினாலே போதும், வகுத்திகளின் எண்ணிக்கை மாறாமல் எண் சிறிதாகிவிடும். அதனால் எந்த உயர் பகு எண்ணிலும் அடுக்குகள் ஏறாது, இடையில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1, விதிவிலக்கு 4-உம் 36-உம் மட்டுமே என்றும் ராமானுஜன் நிறுவினார்.

சரி, இதற்குக் கீழே உள்ள ஏறத்தாழ 29,332 கோடி எண்களில் 5040 வகுத்திகள் உள்ளது ஒன்றுகூட இல்லை என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. முதல் 12 பகா எண்களைப் பெருக்கினாலே 7 லட்சம் கோடியைத் தாண்டிவிடும். எனவே அதிகபட்சம் 11 பகா எண்களுக்குத்தான் இடம். 11 பகா எண்களையும், அதாவது 31 வரை, சேர்த்தால் 200560490130 வருகிறது. அதை இரண்டால் பெருக்கக்கூட இடமில்லை, வகுத்திகள் வெறும் 2048. 29-உடன் நிறுத்தினால் மேற்கொண்டு 45 மடங்கு வரைதான் பெருக்கலாம். அதில் சிறந்தது 36 மடங்கு, 4096 வகுத்திகள். 23-உடன் நிறுத்தும் எண்களில் இந்த எல்லைக்குள் எட்டக்கூடிய உச்சம் 4800. அதைக் கொடுக்கும் எண் 240940299600. 19-இலும் அதற்கு முன்னும் நிற்பவற்றை இதே முறையில் வடிகட்டினால் கடைசியில் நிற்பது நம் எண். ஒரு தாளில் முடிகிற வேலை இல்லை என்றாலும் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலைதான்.

உங்கள் எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண் 240940299600 (4800 வகுத்திகள்), அடுத்தது 321253732800 (5376 வகுத்திகள்). அவற்றின் காரணிகளையும் எழுதிப் பாருங்கள்:

240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

இரண்டிலும் 23 இருக்கிறது, 7 ஒரு முறைதான் வருகிறது. நடுவில் இருக்கும் நம் எண்ணில் 23 இல்லை, 7 இரண்டு முறை வருகிறது. முந்தைய எண்ணிலிருந்து இதற்கு வர 23-ஐ எடுத்துவிட்டு 28-ஐ, அதாவது இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும், வைக்க வேண்டும். இதிலிருந்து அடுத்ததற்குப் போக 21-ஐ எடுத்துவிட்டு 23-ஐத் திரும்ப வைக்க வேண்டும். 23 முதன்முதலில் உள்ளே வருவது 64250746560 என்ற எண்ணில். சில முறை வெளியே போய்த் திரும்பியபின், 160626866400-இல் மறுபடி உள்ளே வருகிறது. அதற்குப் பின் ஒரே ஒரு முறைதான் வெளியே போய்த் திரும்புகிறது, அது நம் எண்ணில். பட்டியலின் முடிவுவரை இதற்குப் பிறகு வரும் எல்லா எண்களிலும் 23 இருக்கிறது. 23 இப்படி நிலைகொள்ளத் தொடங்கிவிட்ட பகுதியில், அது இல்லாத ஓர் எண்ணைத் தேட யாருக்கும் எளிதில் தோன்றாது. விடுபட்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு வேடிக்கை. இந்த எண்ணின் கால் பங்கு 73329656400 (3600 வகுத்திகள்), அது பட்டியலில் உண்டு. பாதி 146659312800 (4320 வகுத்திகள்), அதுவும் உண்டு. இதை 23-ஆல் பெருக்கினால் 6746328388800 வருகிறது, 10080 வகுத்திகள். அது ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்! காலும் பாதியும் இருபத்துமூன்று மடங்கும் அச்சில் இருக்க, முழுசு மட்டும் காணாமல் போயிருக்கிறது.

இனி வகைகள். உயர் பகு எண்களுக்குள் இன்னும் கடுமையான ஒரு வடிகட்டலை ராமானுஜனே வைத்திருந்தார். அவற்றை மேம்பட்ட உயர் பகு எண்கள் எனலாம். நம் எண் அதில் தேறாது. காரணத்தைக் கடையில் பொருள் வாங்குவதுபோலப் பார்த்தால் எளிது. இரண்டாவது 7-ஐ வாங்கினால் எண் 7 மடங்கு பெருக்கிறது, வகுத்திகள் 1.5 மடங்கு ஆகின்றன. 23-ஐ வாங்கினால் எண் 23 மடங்கு பெருக்கிறது, வகுத்திகள் 2 மடங்கு ஆகின்றன. எது லாபம்? கிடைப்பதன் மடக்கையை விலையின் மடக்கையால் வகுத்தால் 7-க்கு 0.208, 23-க்கு 0.221. ஆகவே 23-ஐ வாங்காமல் இரண்டாவது 7-ஐ வாங்கியவர் மலிவான சரக்கை விட்டுவிட்டு விலை கூடியதை எடுத்திருக்கிறார். மேம்பட்ட உயர் பகு எண்ணாக இருக்க இப்படி ஒரு தவறான பேரம்கூட இருக்கக் கூடாது. ஆனால் வெறும் உயர் பகு எண்ணாக இருக்க, கையில் உள்ள காசுக்குள் அதிகம் கிடைத்தால் போதும். 29,332 கோடிக்குள் என்று எல்லை போட்டுவிட்டால் 23-ஐ வாங்குவதற்கு மற்றவற்றை நிறைய விற்க வேண்டியிருக்கிறது, கணக்கு 4800-ஐத் தாண்டவில்லை. மேம்பட்ட வகையில் இதற்கு முன்னும் பின்னும் இருப்பவை 13967553600-உம் 321253732800-உம்.

வகுத்திகளின் எண்ணிக்கையை விட்டு அவற்றின் கூட்டுத்தொகைக்கு வருவோம். 5040 வகுத்திகளையும் கூட்டினால் 1642243014720. எண்ணைத் தவிர்த்து மற்றவற்றை மட்டும் கூட்டினால் 1348924389120, அதாவது எண்ணைப் போல 4.6 மடங்கு. 6, 28 போன்ற செவ்விய எண்களில் இந்தக் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக இருக்கும். அதைத் தாண்டினால் மிகை எண். நம் எண் மிகை எண் என்பது சொல்லாமலே விளங்கும்.

1944-இல் அலாவ்லூ, எர்டிஷ் என்ற கணிதவியலாளர்கள் சேர்ந்து மீமிகை எண்கள் என்ற வகையை ஆராய்ந்தார்கள். வகுத்திகளின் மொத்தக் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் வரும் விகிதம், தனக்குக் கீழுள்ள எல்லா எண்களின் விகிதத்தையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். உயர் பகு எண் என்றால் மீமிகை எண்ணாகவும் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை என்பதற்கு நம் எண் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இதன் விகிதம் 5.5988. இதைவிடச் சிறிதான 160626866400-இன் விகிதம் 5.6475. அந்த எண்ணை நாம் பார்த்தோம், 23-ஐக் கொண்டது. இங்கேயும் பிரச்சினை அதே இடத்தில்தான். இரண்டாவது 7 இந்த விகிதத்தை 57/56 மடங்கு மட்டுமே உயர்த்துகிறது, 23 வந்திருந்தால் 24/23 மடங்கு உயர்த்தியிருக்கும்.

1915 கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அப்போது லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது, அதனால் கட்டுரை குறைக்கப்பட்டது. அந்த மீதிப் பகுதியைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர்களான நிக்கோலாவும் ராபினும் குறிப்புகளோடு 1997-இல் வெளியிட்டார்கள். அதில் ரீமான் கருதுகோள் (பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்னும் நிறுவப்படாத ஒரு புகழ்பெற்ற ஊகம்) உண்மை என்று வைத்துக்கொண்டு, மிகப் பெரிய எண்களில் இந்த விகிதம் எவ்வளவு தூரம் உயரலாம் என்பதற்கு ராமானுஜன் எல்லை கட்டியிருந்தார். அதே ராபின் 1984-இல் ஒரு தேற்றம் நிறுவினார்: எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடி இயல் மடக்கை எடுத்து, 1.781-ஆல் (சரியாகச் சொன்னால் ஆய்லர் மாறிலியை அடுக்காகக் கொண்ட இயல் அடிமானத்தால்) பெருக்கினால் வருவதைவிட இந்த விகிதம், 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் சிறிதாக இருந்தால் ரீமான் கருதுகோள் உண்மை. ஓர் எண்ணுக்குத் தவறினாலும் கருதுகோள் பொய். நம் எண்ணுக்கு அந்த எல்லை 5.8304, விகிதம் 5.5988. எல்லைக்குள் இருக்கிறது. எல்லையை உடைக்கும் எண்ணைத் தேடுகிறவர்கள் மீமிகை எண்களுக்குள் தேடினாலே போதும் என்று பிறகு தெரியவந்தது, எனவே இந்த எண்ணிடம் அவர்களுக்கு வேலை இல்லை. 5040 இரண்டு இடத்திலும் வருகிறதே என்று அதில் ஆழ்ந்த பொருள் தேட வேண்டாம், அது தற்செயல்.

மற்ற பண்புகளை வேகமாகப் பார்க்கலாம். 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் இது வகுபடும். அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 232792560, அதைப்போல இது 1260 மடங்கு. முதலில் முட்டுவது 23-இல். தன் வகுத்திகளின் எண்ணிக்கையான 5040-ஆலும் வகுபடும், ஈவு 58198140. முழு வர்க்கம் அல்ல, ஆனால் 2520-இன் வர்க்கத்தை 46189-ஆல் பெருக்கினால் இது வந்துவிடும். 11-உம் 19-உம் ஒற்றை அடுக்கில் இருப்பதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை எழுதவே முடியாது. நான்கால் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் ஒற்றை அடுக்கில் இருக்கக் கூடாது என்பது விதி. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும். 64-ஆல் வகுத்த பின் கிடைக்கும் 4583103525-ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. அது 7-ஆக இருந்திருந்தால்தான் முடியாது.

1948-இல் ஏ.கே. ஸ்ரீனிவாசன் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு வகையை அறிமுகப்படுத்தினார்: தன்னைவிடச் சிறிய எந்த முழு எண்ணையும் தன் வெவ்வேறு வகுத்திகளின் கூட்டுத்தொகையாக எழுதக்கூடிய எண். அதை நடைமுறை எண் எனலாம். நம் எண் அதிலும் சேரும். எந்த எண்ணையாவது மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், அது 293318625600-க்குக் கீழே இருந்தால் இந்த 5040 வகுத்திகளில் சிலவற்றை ஒரு முறை மட்டும் எடுத்து அதைக் கட்டிவிடலாம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. 45-ஆல் எண் வகுபடுவதால் தேவ்லாலி பள்ளி ஆசிரியர் கப்ரேகர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களிலும் இது ஒன்று. ஆனால் இதுபோன்ற இலக்க விளையாட்டுகளில் எனக்கு மரியாதை குறைவு. பத்து விரலுக்குப் பதில் எட்டு விரல் இருந்து, எட்டடிமானத்தில் எழுதியிருந்தால் இலக்கங்களே மாறிப்போயிருக்கும். 5040 வகுத்திகள் எந்த அடிமானத்திலும் 5040-தான்.

இணையத்தில் இந்த எண்ணைப் பற்றிய பக்கங்களில் வகைப்பெயர்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பாதி, ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடுவது. பெரிய உயர் பகு எண் என்றாலே மிகை எண், நடைமுறை எண், இரட்டை எண், 3-இன் மடங்கு எல்லாம் உள்ளடக்கம். இது எந்த வகையில் சேரவில்லை என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மேம்பட்ட உயர் பகு எண் அல்ல, மீமிகை எண் அல்ல. இந்த இரண்டு மறுப்பும் 23-ஐ விட்டுவிட்டு இரண்டாவது 7-ஐ எடுத்துக்கொண்டதால் வந்தவை.

நீங்களே சோதிக்க விரும்பினால் நிரல் எழுதுவது கடினமில்லை. பகா எண்களை 2-இலிருந்து வரிசையாக எடுத்து, அடுக்கு ஏறாதபடி பெருக்கிக்கொண்டே போய், எல்லையைத் தாண்டியவுடன் திரும்பிவிட வேண்டும். கிடைத்த எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, வகுத்திகளின் எண்ணிக்கையில் புதிய உச்சம் வரும்போதெல்லாம் அச்சிட வேண்டும். எல்லையை 6746328388800 என்று வைத்தால் சாதாரணக் கணினியிலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் முழுப் பட்டியலும் வந்துவிடும். மாறிகளை 64 பிட் முழு எண்ணாக அறிவிக்க மறந்துவிடாதீர்கள். 32 பிட்டில் உச்சமே 4294967295, இந்த எண் அதைப்போல 68 மடங்குக்கு மேல்.